மணிக்கட்டு முறிவோடு முழங்கையும் அடிபட்டால்: பரிசோதனை முதல் பயிற்சி வரை முழு வழிகாட்டி

கையை ஊன்றி விழுந்தவருக்கு மணிக்கட்டு கோணலாகி வீங்கியிருக்கும். அடிபட்டவரின் கவனமும் பார்ப்பவரின் கவனமும் அங்கேயே நின்றுவிடும். இழுத்துச் சேர்த்து, மாவுக்கட்டு போட்டு அனுப்பிவிடுவார்கள். முழங்கையில் இருந்த முறிவோ விலகலோ சில வாரம் கழித்துக் கட்டைப் பிரிக்கும்போதுதான் தெரியவரும். அதற்குள் எளிதாகச் சரிசெய்யக்கூடிய காலம் போயிருக்கும்.

அவசரப் பிரிவிலும் எலும்பு முறிவுப் பிரிவிலும் புதிதாக வேலைக்குச் சேரும் மருத்துவர்கள், செவிலியர்கள், பிசியோதெரபிஸ்டுகளுக்காக இதை எழுதுகிறேன். அடிபட்டவரின் வீட்டாரும் படிக்கலாம். என்ன நடக்கிறது, எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள உதவும். வீட்டில் வைத்து எலும்பை இழுத்துச் சரிசெய்ய மட்டும் யாரும் முயல வேண்டாம்.

மணிக்கட்டுக்கு என்ன செய்வது என்பதை முழங்கையின் நிலை தெரிந்த பிறகே முடிவு செய்ய வேண்டும். மணிக்கட்டு ஆறு வாரக் கட்டைப் பொறுத்துக்கொள்ளும். முழங்கை பொறுக்காது, மூன்று வாரம் அசையாமல் வைத்தாலே இறுகத் தொடங்கிவிடும். கீழே உள்ள வரிசை முழுவதும் இதை வைத்துத்தான் அமைந்திருக்கிறது.

1. தொடங்கும் முன் தயாராக வைக்க வேண்டியவை

மோதிரம் வெட்டும் கருவி, பஞ்சுச் சுருள், ஸ்லாப் (கையை முழுதாகச் சுற்றாமல் ஒரு பக்கம் மட்டும் வைக்கும் மாவுக்கட்டு) போட மாவுப்பட்டை, அகலமான கிரேப் பேண்டேஜ், ஸ்லிங், நாடி கிடைக்காவிட்டால் இரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்க ஒரு டாப்ளர் கருவி, தோலில் எழுதும் பேனா. மயக்கம் கொடுத்து மூட்டைச் சேர்ப்பதாக இருந்தால் ஆக்சிஜன், மானிட்டர், மயக்கத்தைக் கவனிக்க மட்டும் தனியாக ஓர் ஆள். எலும்பைச் சேர்ப்பவரே மயக்கத்தையும் கவனிப்பது கூடாது.

உயரத்திலிருந்து விழுந்தவர், வண்டியில் அடிபட்டவர் என்றால் கையைத் தொடுவதற்கு முன் மூச்சு, இரத்த ஓட்டம், தலை, கழுத்து, வயிறு எல்லாம் பார்த்து முடித்திருக்க வேண்டும். கையில் ஒரே நேரத்தில் இரண்டு இடம் உடைகிற அளவுக்கு விசை என்றால் உடம்பில் வேறெங்கும் அடி இருக்கலாம்.

2. நகைகளைக் கழற்றி, தோலைச் சுற்றிலும் பாருங்கள்

முதல் வேலை மோதிரம், வளையல், கைக்கடிகாரம். அரை மணி நேரம் கழித்து வீக்கம் ஏறியபின் கழற்ற முடியாது. அடிபடாத விரலில் இருந்தாலும் எடுத்துவிடுங்கள்; வீக்கம் எல்லா விரலுக்கும் இறங்கும்.

சட்டைக் கையைத் தோள் வரை வெட்டித் திறந்து, கையின் பின்பக்கத்தையும் பாருங்கள். மணிக்கட்டில் அல்னா எலும்பு இருக்கும் சுண்டு விரல் பக்கத்தில் சின்னக் கீறல் போல ஓர் ஓட்டை, அதிலிருந்து இரத்தம் கசிகிறது என்றால், வேறு விதமாக நிரூபணம் ஆகும்வரை அது திறந்த முறிவு. உடனே ஆன்டிபயாடிக், டெட்டனஸ் தடுப்பு, காயத்தின் மேல் ஈரமான சுத்தத் துணி. முதல் ஆன்டிபயாடிக் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடுவது நல்லது.

3. எக்ஸ்ரேவுக்கு முன்பே நாடியும் நரம்பும்

இதை எழுதி வைக்காமல் எலும்பை நகர்த்தக்கூடாது. நகர்த்திய பிறகு ஒரு விரல் மரத்திருந்தால், அது அடியில் வந்ததா, நாம் இழுத்ததில் வந்ததா என்று சொல்ல முடியாமல் போகும். அடுத்து என்ன செய்வது என்பதே அந்தப் பதிலைப் பொறுத்தது.

இரத்த ஓட்டத்துக்கு ரேடியல் நாடி, விரல் நுனியின் நிறம், வெப்பம். நகத்தை அழுத்தி விட்டால் 2 விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும்.

உணர்வுக்கு மூன்று இடம் போதும்: ஆள்காட்டி விரல் நுனி மீடியன் நரம்புக்கு, சுண்டு விரல் நுனி அல்னார் நரம்புக்கு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே புறங்கைப் பக்கத் தோல் ரேடியல் நரம்புக்கு. அசைவுக்குக் கட்டைவிரல் நுனியையும் ஆள்காட்டி விரல் நுனியையும் சேர்த்து வட்டம் போடச் சொல்லுங்கள். பிறகு கட்டைவிரலை மேலே தூக்க, விரல்களை அகட்ட. குழந்தைகளுக்கு இதையே கல், காகிதம், கத்தரி விளையாட்டாகக் காட்டினால் வலியை மறந்து செய்துவிடுவார்கள். கடைசியில் வட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முழங்கைக்கு மேலே எலும்பு உடைந்த குழந்தைகளில் அதிகம் பாதிக்கப்படுவது அந்த வட்டத்தைப் போடவைக்கும் நரம்புக் கிளைதான்.

“நரம்பு, நாடி நார்மல்” என்று ஒரே வரியில் எழுதுவது வழக்கமான தவறு. எந்த நரம்பு, எந்த அசைவு, எத்தனை மணிக்குப் பார்த்தது என்று தனித்தனியாக எழுதுங்கள்.

4. முழங்கையைத் தொட்டுப் பார்க்கும் முறை

“மணிக்கட்டுதான் டாக்டர் வலிக்குது, முழங்கை ஒண்ணுமில்ல” என்று சொல்வார்கள். பொய் இல்லை. பெரிய வலி சின்ன வலியை அமுக்கிவிடுகிறது. அதனால் கேட்பதோடு விடாமல் தொட்டுப் பார்க்க வேண்டும்.

முழங்கையின் வெளிப்பக்கம் புடைத்திருக்கும் எலும்பு மேட்டைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து ஒரு விரல் அகலம் மணிக்கட்டுப் பக்கமாக இறங்கினால், முன்கையின் கட்டைவிரல் பக்க எலும்பான ரேடியஸின் தலை, நாம் ரேடியல் ஹெட் என்று சொல்வது, உங்கள் கட்டைவிரலுக்கு அடியில் வட்டமாகத் தட்டுப்படும். மறுகையால் முன்கையின் நடுப்பகுதியைத் தாங்கிப் பிடித்து, உள்ளங்கை மேலே, கீழே என்று மிக மெதுவாகத் திருப்புங்கள். தலை கட்டைவிரலுக்கு அடியில் உருளுவது தெரியும். அழுத்தும் இடத்தில் குத்தும் வலி, நறநறப்பு, அல்லது அந்த வட்டமே கிடைக்காமல் பள்ளமாக இருப்பது, இவற்றில் எது இருந்தாலும் முழங்கைக்கும் எக்ஸ்ரே.

திருப்பும்போது மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பாதீர்கள். அது உடைந்த இடத்தின் வலியைத்தான் கிளப்பும், முழங்கையைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

பிறகு முழங்கையின் பின்முனை, உள்பக்க மேடு, முன்கையின் நடுப்பகுதி முழுவதும் விரலால் வரிசையாக அழுத்திக்கொண்டு வாருங்கள். முன்கையின் நடுவில் இரண்டு எலும்புக்கும் இடையே நல்ல வலி என்றால், அந்த எலும்புகளைச் சேர்த்துப் பிடிக்கும் சவ்வு கிழிந்திருக்கலாம். எக்ஸ்ரேயில் அந்தச் சவ்வு தெரியாது. உங்கள் விரல்தான் முதல் துப்பு. அடிபட்டவரின் கட்டைவிரலின் அடியில் உள்ள குழியையும் அழுத்திப் பாருங்கள், மணிக்கட்டின் சிறு எலும்புகளில் ஒன்றான ஸ்கேஃபாய்டுக்காக. தோளையும் ஒருமுறை தொட்டுவிடுங்கள்.

5. எக்ஸ்ரே: தனித்தனிப் படங்கள்

மணிக்கட்டுக்கு நேர்ப் படம், பக்கவாட்டுப் படம். முழங்கைக்கும் அதே இரண்டு. முன்கை முழுவதற்கும் இரண்டு. முன்கைப் படத்திலேயே இரு மூட்டும் தெரிகிறதே என்று நிறுத்திவிடுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. அந்தப் படத்தில் கதிர் முன்கையின் நடுவில் விழுகிறது. ஓரத்தில் இருக்கும் மூட்டுகள் சாய்வாகப் பதிவாகும். ரேடியல் ஹெட்டில் இருக்கும் மெல்லிய கோடு அதில் மறைந்துவிடும்.

முழங்கைப் பக்கவாட்டுப் படத்தில் இரண்டைப் பாருங்கள்.

முதலில், ரேடியஸின் கழுத்து வழியாக ஒரு கோடு இழுத்தால் அது மேற்கை எலும்பான ஹியூமரஸின் கேப்பிடெல்லம் என்ற உருண்டைப் பகுதியைத் தொட வேண்டும். நேர்ப் படமானாலும் பக்கவாட்டுப் படமானாலும் இது மாறாது. தொடவில்லை என்றால் ரேடியல் ஹெட் விலகியிருக்கிறது. அப்போது அல்னாவில் முறிவோ வளைவோ இருக்கிறதா என்று தேடுங்கள். அது மான்டேஜியா வகை.

அடுத்து, ஹியூமரஸின் பின்பக்கம் கறுப்பாகக் கொழுப்பு நிழல் தெரிகிறதா என்று பாருங்கள். முழங்கையை 90 டிகிரி மடக்கி எடுத்த படத்தில் பின் நிழல் தெரிந்தால் மூட்டுக்குள் இரத்தம் கட்டியிருக்கிறது என்று பொருள். முறிவுக் கோடு தெரியாவிட்டாலும் பெரியவர்களுக்கு ரேடியல் ஹெட் முறிவு, குழந்தைகளுக்கு முழங்கைக்கு மேல் ஹியூமரஸ் முறிவு என்று வைத்துக்கொண்டே நடத்துங்கள். ஆனால் மூட்டு விலகி, அதன் உறை கிழிந்திருந்தால் இரத்தம் வெளியே வடிந்து நிழல் வராமலே போகலாம். நிழல் இல்லை என்பதால் முறிவு இல்லை என்று ஆகாது.

மணிக்கட்டில் ரேடியஸ், அல்னா இரண்டின் நீளத்தையும் ஒப்பிடுங்கள். ரேடியஸ் குட்டையாக இருந்தால், அதன் கீழ் முனை நசுங்கியதால் குட்டையா, முழங்கையில் தலை நொறுங்கி எலும்பே மேலே ஏறியதால் குட்டையா என்று கேளுங்கள். சந்தேகம் வந்தால் மறுகையின் மணிக்கட்டையும் அதே நிலையில் படம் எடுத்து ஒப்பிடலாம். முழங்கையில் துண்டுகள் சிதறியிருந்தால், அல்னாவின் மேல்முனையில் முன்பக்கம் நீட்டியிருக்கும் கொரனாய்டு முனை உடைந்திருக்கும் என்று தோன்றினால், சி.டி. எடுப்பது அறுவைத் திட்டத்துக்கு உதவும்.

6. எந்தச் சேர்க்கை என்று பெயர் வையுங்கள்

முன்கையின் இரண்டு எலும்பும், மேலும் கீழும் உள்ள மூட்டுகளும், நடுச் சவ்வும் சேர்ந்து ஒரு வளையம். வளையம் ஓரிடத்தில் நெளிந்தால் இன்னோரிடத்திலும் நெளிந்திருக்கும். அந்த இன்னோரிடத்தைத் தேடாமல் சிகிச்சையைத் தொடங்கக்கூடாது.

அடிக்கடி பார்ப்பது, ரேடியஸின் கீழ்முனை முறிவும் ரேடியல் ஹெட் முறிவும். ஹெட் விலகாமல் இருந்தால் மேசன் வகைப்பாட்டில் முதல் வகை. துண்டு விலகியிருந்தால் இரண்டாம் வகை, நொறுங்கியிருந்தால் மூன்றாம் வகை.

அடுத்தது, மணிக்கட்டு முறிவும் முழங்கை மூட்டு விலகலும். விலகலோடு ரேடியல் ஹெட்டும் கொரனாய்டும் உடைந்திருந்தால் அதைத்தான் பயங்கர மும்மை என்கிறோம். அறுவை இல்லாமல் நிலைநிற்பது அரிது.

தவறவிடக்கூடாதது எசெக்ஸ்-லொப்ரெஸ்டி காயம். 1951-இல் விவரிக்கப்பட்டது. ரேடியல் ஹெட் நொறுங்கி, நடுச் சவ்வு கிழிந்து, மணிக்கட்டருகே ரேடியஸும் அல்னாவும் சேரும் மூட்டும் குலைந்திருக்கும். இதைத் தெரியாமல் நொறுங்கிய தலையை வெட்டி எடுத்துவிட்டு மாற்றுத் தலை வைக்காமல் விட்டால், ரேடியஸ் மெல்ல மெல்ல மேலே ஏறும். அல்னா மணிக்கட்டில் இடிக்கும். பிறகு வரும் தீராத மணிக்கட்டு வலியைச் சரிசெய்வது மிகக் கடினம். ரேடியல் ஹெட் முறிவு என்று வரும் ஒவ்வொருவரின் மணிக்கட்டையும் அழுத்திப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

7. விலகிய முழங்கை முதலில், உடைந்த மணிக்கட்டு பிறகு

விலகிய முழங்கை இரத்தக் குழாயையும் நரம்பையும் இழுத்துக்கொண்டே இருக்கிறது. மணிக்கட்டு ஒரு மணி நேரம் காத்திருக்கும். அதனால் முழங்கைக்குத்தான் முதலிடம்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. வழக்கமாக முழங்கையைச் சேர்க்க மணிக்கட்டைப் பிடித்துத்தான் இழுப்போம். அது உடைந்திருக்கும்போது அப்படி இழுத்தால் விசை முறிவிலேயே செலவாகும், துண்டுகள் இன்னும் விலகும். முதலில் மணிக்கட்டுக்குத் தற்காலிகமாக ஒரு குட்டை ஸ்லாப் வையுங்கள். பிறகு முழங்கைக்குச் சற்றுக் கீழே, முன்கையின் மேல்பகுதியை இரு கையாலும் பிடித்து இழுங்கள். உதவியாளர் மேற்கையை எதிர்த்துப் பிடிக்க, பக்கவாட்டு விலகலைச் சரிசெய்து, முழங்கை முனையை முன்னோக்கித் தள்ளிக்கொண்டே மடக்குங்கள்.

மணிக்கட்டின் இரத்தக்கட்டில் மரப்பு ஊசி போடுவது முழங்கையை மரக்கச் செய்யாது. இரண்டையும் சேர்ப்பதாக இருந்தால் மயக்கம் அல்லது கை முழுவதற்கும் நரம்பு மரப்பு தேவை. நரம்பு மரப்பு கொடுத்தால் அடுத்த பல மணி நேரம் நரம்பைப் பரிசோதிக்க முடியாது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

முழங்கை சேர்ந்ததும், மெல்ல நீட்டிப் பார்த்து எந்தக் கோணத்தில் நழுவத் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பயிற்சி தொடங்கும்போது அந்த எண் தேவைப்படும். பிறகு மணிக்கட்டைச் சேர்த்து, நாடி, நரம்பு மறுபடியும், எக்ஸ்ரே மறுபடியும்.

8. கட்டு போடுவது

முதல் சில நாட்களுக்கு ஸ்லாப் மட்டுமே. சுற்றி முழு மாவுக்கட்டு வேண்டாம். இரண்டு இடத்தில் அடிபட்ட கை ஓரிடத்தில் அடிபட்ட கையைவிட அதிகமாக வீங்கும். முழுக்கட்டு விரிந்து கொடுக்காது.

முழங்கை 90 டிகிரி. வீக்கம் அதிகம் இருந்தால் அதற்கும் குறைவாக மடக்குங்கள், கூடுதலாக ஒருபோதும் வேண்டாம். முழங்கை முனையிலும் உள்பக்க மேட்டிலும் பஞ்சு தாராளமாக. அந்த மேட்டுக்குப் பின்னால்தான் அல்னார் நரம்பு போகிறது. மணிக்கட்டை மிகவும் மடக்கிக் கட்டுவது பழைய முறை. அது மீடியன் நரம்பை நெரிக்கும்.

ஸ்லாப் உள்ளங்கையின் குறுக்கு ரேகைக்கு முன்பே முடிய வேண்டும். விரல்களின் அடிமூட்டு முழுதாக மடங்குகிறதா என்று கட்டு காய்வதற்குள் பாருங்கள். ஒரு விரல் அகலம் கூடுதலாகப் போனால் விரல்கள் இறுகிவிடும். இதற்கு இன்னும் அதிகக் கவனம் தேவை, ஏனென்றால் இந்தக் கையில் தோளைத் தவிர விரல்கள் மட்டும்தான் முதல் நாளிலிருந்தே அசையக்கூடியவை.

9. முதல் 48 மணி நேரம்

கை இதயத்தைவிடச் சற்று உயரத்தில் இருக்கட்டும். விரல்களை மணிக்கொரு தரம் முழுதாக மடக்கி நீட்ட வேண்டும்.

மருந்துக்கு அடங்காமல் வலி ஏறிக்கொண்டே போகிறது, விரல்களை நாம் நீட்டினால் முன்கையில் துடித்துப் போகிறார் என்றால் தசை அறைக்குள், அதாவது தசைகளை மூடியிருக்கும் விரியாத உறைக்குள், அழுத்தம் ஏறுகிறது. நாடி கிடைக்கிறதே என்று ஆறுதல் அடையாதீர்கள்; நாடி போவது கடைசியில்தான். கட்டு, பஞ்சு எல்லாவற்றையும் தோல் தெரியும்வரை பிரியுங்கள். கையை இதய மட்டத்துக்கு இறக்குங்கள். குறையவில்லை என்றால் தசை உறையைத் திறக்கும் அறுவை, அதுவும் உடனே. டயஸ்டாலிக் அழுத்தத்துக்கும் அறை அழுத்தத்துக்கும் இடையே வித்தியாசம் 30 மி.மீ. பாதரசத்துக்குக் குறைவாக இருந்தால் தயங்க இடமில்லை.

கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரப்பு கூடிக்கொண்டே போனால் மணிக்கட்டுக் குகைக்குள் மீடியன் நரம்பு நெரிபடுகிறது. எலும்பைச் சேர்த்தும் அது இறங்கவில்லை என்றால் காத்திருக்கக்கூடாது.

10. அறுவை வேண்டுமா, எந்த வரிசையில்

தனி மணிக்கட்டு முறிவாக இருந்தால், சேர்த்த பிறகும் ரேடியஸ் 3 மி.மீ.-க்கு மேல் குட்டை, பின்புறம் 10 டிகிரிக்கு மேல் சாய்வு, மூட்டுப் பரப்பில் 2 மி.மீ.-க்கு மேல் படி இருந்தால் அறுவையைப் பற்றி யோசிப்போம். முழங்கையும் அடிபட்டவரிடம் இந்த எல்லைக்குள் இருந்தாலும் மணிக்கட்டைத் தகடு வைத்துப் பொருத்துவதை நான் விரும்புவேன். மணிக்கட்டு உறுதியானால் முழங்கையைச் சில நாளிலேயே அசைக்கலாம். நிலையற்ற மணிக்கட்டுக்காக முழங்கைக்கு மேல் கட்டு போட்டு வாரக்கணக்கில் வைப்பதுதான் பெரிய இழப்பு.

ரேடியல் ஹெட் முதல் வகை, மணிக்கட்டும் விலகாமல் இருக்கிறது என்றால் அறுவை வேண்டாம். ஹெட் இரண்டாம் வகை என்றால் முன்கை திரும்புவதை ஏதாவது தடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். முழங்கையின் வெளிப்பக்கம் மென்மையாக இருக்கும் முக்கோணத்தில் ஊசி குத்தி இரத்தத்தை எடுத்துவிட்டு மரப்பு மருந்து செலுத்தினால் வலி போய்விடும். பிறகும் ஓரிடத்தில் முட்டி நின்றால் துண்டு தடுக்கிறது, அறுவை தேவை.

எசெக்ஸ்-லொப்ரெஸ்டியில் வரிசை மிக முக்கியம்: முதலில் முழங்கையில் ஹெட்டைப் பொருத்தியோ மாற்றுத் தலை வைத்தோ ரேடியஸின் நீளத்தை மீட்க வேண்டும். பிறகே மணிக்கட்டருகே உள்ள மூட்டைச் சோதிக்க வேண்டும். ஆடினால் உள்ளங்கை மேலே பார்க்கும் நிலையில் கம்பி வைத்து நிறுத்த வேண்டும். நீளம் மீளாமல் கீழே கம்பி வைத்தால், தவறான இடத்தில்தான் நிற்கும். மாற்றுத் தலை பெரிதாகவும் இருக்கக்கூடாது, கேப்பிடெல்லத்தைத் தேய்த்துவிடும்.

மும்மைக் காயத்தில் ஆழத்திலிருந்து மேலே வரவேண்டும்: கொரனாய்டு, ரேடியல் ஹெட், கடைசியில் வெளிப்பக்கத் தசைநார். ஹெட்டை முதலில் வைத்துவிட்டால் கொரனாய்டை எட்டும் வழி அடைபட்டுவிடும்.

11. குழந்தைகள்

குழந்தைக்கு முழங்கைக்கு மேல் ஹியூமரஸும் அதே கையில் மணிக்கட்டும் உடைந்தால் முழங்கை நடுவில் மிதக்கிறது என்போம். இங்கே தசை அறை அழுத்தம் ஏறும் அபாயம் அதிகம். இரண்டையும் கம்பி வைத்து நிறுத்திவிட்டு, மேலே தளர்வான ஸ்லாப் போடுவது பாதுகாப்பு. மணிக்கட்டைப் பிடித்து வைக்க இறுக்கமான கட்டு தேவைப்படாது. நாடி இல்லாத, வெளுத்த கை என்றால் மற்ற எதையும் பார்க்காமல் ஹியூமரஸை உடனே சேர்க்க வேண்டும்.

வலி என்று சொல்லத் தெரியாத குழந்தை அழுகை, பதற்றம், வலி மருந்து கூடுதலாகக் கேட்பது ஆகியவற்றால்தான் சொல்லும். “பையன் ரொம்ப அடம்” என்று செவிலியர் குறிப்பில் வந்தால் உடனே போய்க் கட்டைத் திறந்து பாருங்கள்.

12. அசைவு, பயிற்சி

விரலும் தோளும் முதல் நாளே. விலகாத ரேடியல் ஹெட் என்றால் இரண்டு மூன்று நாளில் முழங்கை. முறிவில்லாமல் மூட்டு மட்டும் விலகிச் சேர்ந்திருந்தால் ஒன்றிலிருந்து இரண்டு வாரத்துக்குள். மணிக்கட்டுக் கட்டை முழங்கைக்குக் கீழே குறைத்துவிட்டாலே இதற்கு வழி கிடைத்துவிடும்.

அடிபட்டவர் தன் சொந்தத் தசையால், வலியின் எல்லை வரை அசைக்க வேண்டும். இன்னொருவர் பிடித்து வலுக்கட்டாயமாக நீட்டுவதும், அழுத்தி நீவுவதும் முழங்கையில் கூடவே கூடாது. தசைக்குள் எலும்பு வளர்ந்து மூட்டு இன்னும் இறுகும். முன்பு குறித்துவைத்த நழுவும் கோணத்துக்கு அப்பால் முதல் வாரங்களில் நீட்ட வேண்டாம்.

30 டிகிரியிலிருந்து 130 டிகிரி வரை முழங்கை மடங்கி நீண்டால் அன்றாட வேலைகளில் பெரும்பாலானவை நடந்துவிடும். கை பழையபடி நேராக நீளவில்லையே என்று கவலைப்படுபவரிடம் இதைச் சொல்லுங்கள். கடைசி சில டிகிரி திரும்பாமல் போவது முழங்கைக் காயத்தில் சகஜம்.

13. மறுபரிசோதனை

மறுநாள் அல்லது அதற்கடுத்த நாள் கட்டையும் விரல்களையும் பார்க்க. ஒன்றாம் வாரமும் இரண்டாம் வாரமும் எக்ஸ்ரே, மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் தனித்தனியாக. வீக்கம் வடியும்போது கட்டு தளரும், எலும்பு நழுவும். இரண்டு வாரத்துக்குள் கண்டால் மறுபடி சேர்ப்பது எளிது.

ஆறாம் வாரம் வாக்கில் மணிக்கட்டுக் கட்டு எடுக்கலாம். அப்போது கட்டைவிரலைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள். விலகாத மணிக்கட்டு முறிவில்கூடக் கட்டைவிரலைத் தூக்கும் தசைநாண் சில வாரம் கழித்து அறுந்துபோவதுண்டு. மணிக்கட்டில் அல்னா பக்க வலி நீடித்தால் மறுபடியும் நீளத்தை அளந்து, சவ்வுக் காயம் தவறிப்போயிருக்கிறதா என்று தேடுங்கள். நின்ற நிலையிலிருந்து விழுந்தே உடைந்த, 50 வயது கடந்தவர்களுக்கு எலும்பு அடர்த்திப் பரிசோதனையும் எழுதிக் கொடுங்கள்.

கனமான பொருள் தூக்குவது, கையை ஊன்றி எழுவது எல்லாம் இரண்டு இடத்திலும் எலும்பு கூடியது எக்ஸ்ரேயில் தெரிந்த பிறகு, பொதுவாக மூன்று மாதம் வாக்கில். மணிக்கட்டு கூடிவிட்டது என்று மட்டும் பார்த்து அனுமதி கொடுத்துவிடாதீர்கள். ஊன்றும்போது பாரம் ரேடியஸ் வழியாக முழங்கைக்குத்தான் போய்ச் சேருகிறது.